அடுத்த தெரு வந்தால் இளகும் தண்ணீர்

கடம்பாநல்லூர் நகராட்சி நீச்சல் குளத்தில் தண்ணீர் கெட்டியானதை முதலில் தெரிந்துகொண்டது ஒரு காக்கை. கார்த்திகை மாதத்தின் முதல் திங்கட்கிழமை காலையில், வழக்கம்போலக் கரையோரம் குனிந்து அலகை வைத்தபோது கல்லில் பட்டதுபோல டக்கென்று சத்தம் கேட்கவே, அது தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் தண்ணீரையும் மறு கண்ணால் வானத்தையும் பார்த்துவிட்டு, சரி, இனி இப்படித்தான் போலிருக்கிறது என்று ஒத்துக்கொண்ட தோரணையில் எதிரே டீக்கடைத் தகரத்தின் மேல் போய் உட்கார்ந்துகொண்டது. ஊரும் ஏறக்குறைய அதே அளவுக்குத்தான் ஆச்சரியப்பட்டது.

முறையாகப் பேசுவதானால் அதைக் குளம் என்று சொல்லக் கூடாது. குளம் என்றால் வரத்துக்கால் வேண்டும், மடை வேண்டும், கரையில் ஒரு சாமியாவது வேண்டும். இதற்கு இருந்ததெல்லாம் ஒரு மோட்டார், ஒரு வடிகட்டி, பிளீச்சிங் பவுடர் வாசம், எச்சில் துப்பாதீர் என்ற பலகை ஆகியவையே. ஆனால் ஒரு ஊருக்குக் குளம் செய்யவேண்டிய வேலை எதுவோ அதை இந்த நீலநிறத் தொட்டி பல காலமாகச் செய்துவந்தது. லாரிப்பேட்டையில் டிங்கர் வேலை பார்க்கிறவரும் ஹவுசிங் போர்டு காலனியில் குடியிருக்கிற தாலுகா ஆபீஸ் அதிகாரியும் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு இறங்கிய பிறகு, எந்தத் தொப்பை யாருடையது என்பதைத் தவிர அவர்களுக்குள் வேறு வித்தியாசம் எதையும் கண்டுபிடிக்க முடியாது. கழுத்தளவு தண்ணீரில் நின்றுகொண்டு ஒரு மனிதன் இன்னொரு மனிதனிடம் அதிகாரமாகப் பேசுவது, முயன்று பார்த்தவர்களுக்குத் தெரியும், ஏறக்குறைய முடியாத காரியம். ஆழம் குறைந்த பக்கத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டே பெண்ணுக்கு வரன் பேசி முடித்திருக்கிறார்கள், ஆபரேஷனுக்கு ரத்தம் கிடைத்திருக்கிறது, பையனுக்கு வேலை கிடைத்திருக்கிறது, பல வருஷத்துப் பங்காளிச் சண்டை ஒரு தும்மலில் முடிந்திருக்கிறது. பெண்கள் நேரத்தில் நடந்தவற்றை ஆண்கள் அறியார்கள். ஊரை நடத்தும் முடிவுகளில் பாதி அங்கேதான் எடுக்கப்பட்டன என்று ஒரு கருத்து உண்டு.

அந்தத் தண்ணீரில் தினமும் நடந்தவர் நயினார். நீந்தியவர் அல்ல, நடந்தவர். லாரிப்பேட்டையில் வெல்டிங் பட்டறை வைத்திருந்த அவரை ஒரு பங்குனி மாதத்தில் பக்கவாதம் அடித்து வலது பக்கத்தை எடுத்துக்கொண்டது. தரையில் அவரால் இரண்டு அடி வைக்க முடியவில்லை. ஆனால் மார்பளவு தண்ணீரில் இறக்கிவிட்டால், மனைவி வடிவின் தோளைப் பிடித்துக்கொண்டு, அந்தக் கால் யாரோ இரவல் கொடுத்ததுபோல மெல்ல மெல்ல முன்னால் வரும். சுடிதாரோடு இறங்கக் கூடாது என்று பலகையில் எழுதியிருந்தது. ஆண்கள் நேரத்தில் வடிவு சுடிதாரோடு இறங்குகிற அந்தக் கொஞ்ச நேரம் மட்டும் குளத்து சூப்பர்வைசர் இசக்கியப்பன் மோட்டார் அறைக்குள் ஏதோ வேலையாகப் போய்விடுவார். காலனிச் சங்கத்தின் செயலாளர் எபநேசர், பாங்கியில் மேனேஜராக இருந்து ஓய்வுபெற்றவர், ஆழத்துக்குப் பயந்து எப்போதும் கம்பியை விடாதவர், நயினார் கடந்துபோகும்போதெல்லாம் அன்றைய செய்தித்தாளை நினைவிலிருந்தே வாசித்துக் காட்டுவார். நயினார் சுவரைத் தொட்டுத் திரும்பிவருவதற்குள் அடுத்த செய்தி தயாராக இருக்கும்.

இப்படி இருந்த ஊரில்தான் அந்தத் தீபாவளி வந்தது.

தீபாவளி விடியலில் எண்ணெய் தேய்த்துக்கொள்ளாமல் குளிக்கிறவன் வருஷம் முழுவதும் எதையோ இழந்தவன்போலத் திரிவான் என்று லாரிப்பேட்டை உறுதியாக நம்பியது. வடிவு தன் கணவருக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை சூடாக நல்லெண்ணெய் தேய்த்தாள். அப்புறம், மனிதர் வருஷம் முழுவதும் குளிக்கிற இடத்தில்தானே குளிக்க வேண்டும் என்ற நேர்மையான யோசனையில், அவரைச் சக்கர நாற்காலியில் வைத்துக் குளத்துக்குத் தள்ளிக்கொண்டு போனாள். போகிற வழியில் பார்த்தவர்களுக்கெல்லாம் இது இத்தனை நாள் தோன்றாமல் போயிற்றே என்று இருந்தது. விடிவதற்குள் லாரிப்பேட்டை மொத்தமும் பளபளவென்று எண்ணெய் வழியக் குளத்துக்குள் இருந்தது, சீயக்காய்ப் பொடியோடு.

காலனிக்காரர்கள் வந்து பார்த்தபோது தண்ணீர் ரசம்போல இருந்தது. எபநேசர் கரையில் நின்று சுகாதாரம் பற்றிப் பேசினார், வடிகட்டியின் கொள்ளளவு பற்றிப் பேசினார், கடைசியில் சிலருக்கு எவ்வளவு சொன்னாலும் ஏறாது என்றும் சொல்லிவிட்டார். வடிவு இடுப்பளவு சீயக்காய்த் தண்ணீரில் நின்று அவரை அண்ணாந்து பார்த்தாள். அவருடைய மனைவி இறந்து அப்போது ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

“ஒமக்கு எண்ணெய் தேச்சு விட வீட்டுல ஆளில்லாத வயித்தெரிச்சல் வே, எங்களப் பாத்தா வேற எப்படி இருக்கும்” என்றாள்.

யாரும் சிரிக்கவில்லை. எபநேசர் வேட்டியைச் சரிசெய்துகொண்டு போய்விட்டார். அடுத்த வாரம் காலனிச் சங்கம் நகராட்சிக்கு மனு கொடுத்தது; அதற்குப் பதிலாக லாரிப்பேட்டையும் ஒரு மனு கொடுத்தது; இரண்டு மனுவிலும் கேட்டிருந்தது ஒன்றுதான், எங்களை அவர்களோடு இறக்காதீர்கள். இரு தரப்பும் ஒரே விஷயத்தைக் கேட்கும் அதிசயம் நகராட்சிக்கு அதுவரை வாய்த்ததில்லை. உடனே தெருவாரியாகப் பேட்ச் பிரித்து அறிவித்தார்கள். திங்கள் லாரிப்பேட்டை, புதன் காலனி, வெள்ளி ரயில்வே கேட் தெரு என்று வாரம் பங்குபோடப்பட்டது. எல்லோருக்கும் பரம திருப்தி. முதல் திங்களன்று, காக்கை வந்துபோன சிறிது நேரத்தில், லாரிப்பேட்டையின் மிகச் சிறந்த டைவிங்காரனான மாரிச்செல்வம் உயரப் பலகையிலிருந்து கைகளை நீட்டிப் பாய்ந்தான். தண்ணீர்மேல் விழுந்து, வயிற்றாலேயே வழுக்கிக்கொண்டு எதிர்க்கரைவரை போய், எழுந்து உட்கார்ந்து, தண்ணீர் பழுதாகியிருக்கிறது என்றான்.

அது பனிக்கட்டி அல்ல. குளிரவில்லை, உருகவில்லை, வெயிலில் அலை அலையாய் மின்னியது. குனிந்து பார்த்தால் அடியில் நீலக் கற்களும், எப்போதோ தொலைந்த கொலுசுத் திருகும், ஒரு பல்செட்டும் தெளிவாகத் தெரிந்தன. கையை வைத்தால் நனையாது. இன்ஜினியரிங் கல்லூரியிலிருந்து வந்தவர்கள் ஒன்றுக்கொன்று முரணான மூன்று காரணங்கள் சொன்னார்கள், ஊர் மூன்றையும் ஏற்றுக்கொண்டது. ஒரு பொருளுக்குக் காரணம் கிடைத்துவிட்டால் அடுத்து அதை எதற்குப் பயன்படுத்தலாம் என்பதுதானே கேள்வி. லாரிப்பேட்டைப் பெண்கள் திங்கட்கிழமைகளில் அதன்மேல் வத்தல் காயப்போட்டார்கள். தூசியில்லாமல், அடியிலிருந்தும் வெளிச்சம் அடிக்க, அப்படிக் காய்ந்த வத்தலை அந்தத் தாலுகாவே பார்த்ததில்லை. காலனிக்காரர்கள் புதன்கிழமைகளில் யோகா செய்தார்கள். ரயில்வே கேட் தெருவில் கேரம் போட்டி நடத்தினார்கள். ஒருவர் நாளில் இன்னொருவர் எட்டிப் பார்த்ததில்லை. வாக்குக் கொடுத்தால் கொடுத்ததுதான் என்பதில் மூன்று தெருவும் ஒன்றுபட்டிருந்தன. அந்த நேர்மை காரணமாகவே தண்ணீரின் உண்மையான குணம் தை மாதம்வரை யாருக்கும் தெரியாமல் போயிற்று.

தை பிறந்ததும் நகராட்சி அந்த இடத்தைக் கல்யாணத்துக்கு வாடகைக்கு விட்டது. முதல் கல்யாணம் லாரிப்பேட்டைக் கல்யாணம், திங்கட்கிழமை. மாப்பிள்ளை எதிர்வீட்டு மாமன் மகன். மேளம், சமையல், போட்டோ எல்லாம் சொந்தத் தெரு ஆட்கள். வெளியாள் ஒருவரிடமும் போய் நிற்க வேண்டியதில்லை என்பது அந்தத் தெருவின் பெருமை. ஆழம் குறைந்த பக்கத்தில் மேடை போட்டு, ஜமுக்காளம் விரித்து, எல்லோரும் ஒளிவீசும் தண்ணீர்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்க, தாலி கட்டி முடிந்து மேளக்காரர் கொஞ்சம் கை ஓய்ந்த நேரத்தில், பெண்ணுக்குப் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திய பிரபாவதி டீச்சர், காலனியில் குடியிருப்பவர், அழைப்பை மறுக்க மனமில்லாமல் கையில் ஒரு குத்துவிளக்குப் பொட்டலத்தோடு வந்தார். செருப்பைக் கழற்றினார். வலது காலை எடுத்து வைத்தார்.

கல்யாணம் தண்ணீருக்குள் போயிற்று. சத்தம்கூடப் பெரிதாக இல்லை; சர்க்கரை பாலுக்குள் போவதுபோலப் போயிற்று. மணமக்கள் மாலையோடு மிதந்தார்கள், வாழைக்காய்க் கூட்டு ஒரு தீவுபோல நகர்ந்தது, ஆழமில்லாத பக்கம் என்பதால் எல்லாத் தலைகளும் வெளியில்தான் இருந்தன. பதறிய டீச்சர் கம்பியைப் பிடித்துக் கரையேறினார். அவர் பாதம் தண்ணீரைவிட்ட கணத்தில் அது மறுபடி கெட்டியாயிற்று, இருந்தவர்கள் இருந்தபடியே. மணமகன் இடுப்புவரை, மேளக்காரர் மார்புவரை, பெண்ணின் தாய்மாமன் ஒரு காலும் ஒரு கையும் என்று, பலகாரத்தில் பதித்த முந்திரிகள்போல நின்றார்கள். டீச்சர் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு கரையில் உட்கார்ந்து, புடவையை முழங்கால்வரை தூக்கிச் சொருகிக்கொண்டு, ஒரு காலைத் தண்ணீரில் வைத்தார். இளகியது. அவர் காலை எடுக்காமலேயே வருகைப் பதிவு எடுக்கிற குரலில் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட, ஒவ்வொருவராக ஏறிவந்தார்கள்.

ஆக, ரகசியம் தெரிந்துவிட்டது. ஒரே தெருக்காரர்கள் எத்தனை பேர் நின்றாலும் அது தரை. வேற்றுத் தெருவின் ஒரு விரல் பட்டால் அது தண்ணீர். இவ்வளவு எளிய விஷயம் தெரிந்த பிறகு ஊர் கூட்டம் கூட்டமாக இறங்கியிருக்கும் என்று நினைப்பவர்களுக்கு ஊர்களைப் பற்றித் தெரியாது. நகராட்சி வாடகைக்கு விடுவதை நிறுத்தியது, பேட்ச் முறையை நிறுத்தவில்லை. நிறுத்தும்படி யாரும் கேட்கவும் இல்லை, ஏனென்றால் மூன்று தெருவிலும் எல்லோர் மனதிலும் ஒரே கேள்விதான் இருந்தது. டீக்கடையில் அதை மாரிச்செல்வம் சத்தமாகவே கேட்டான்:

“நாம எறங்குன பொறவு அவன் ஏறிட்டாம்னா?”

பதில் தெரியாத கேள்வி அல்ல. பதில் எல்லோரும் கண்ணால் பார்த்தது. வத்தல் தொடர்ந்து காய்ந்தது.

நயினாரின் கால் இதற்குள் மடங்க ஆரம்பித்திருந்தது. அரசு ஆஸ்பத்திரி டாக்டர் முழங்காலைப் பிடித்து நீட்டிப் பார்த்துவிட்டு, பாயில் படுக்கவைத்துச் செய்யும் பயிற்சி இவருக்குப் போதாது, தண்ணீரில் நடந்ததால்தான் இத்தனை நாள் பிடித்து நின்றது, கோடை முடிவதற்குள் மறுபடி நடக்கத் தொடங்காவிட்டால் அப்புறம் நீட்ட வராது என்று சொன்னார். ஆறு இல்லாத ஊர், ஏரியில் சேறு, வேறு தண்ணீர் இல்லை. வடிவு ரயில்வே கேட் தெருவில் வீடு வீடாகக் கேட்டுப் பார்த்தாள். எல்லோரும் வருத்தப்பட்டார்கள், யாரும் வரவில்லை. பிரபாவதி டீச்சர் வரத் தயாராக இருந்தார். ஆனால் கல்யாணத்தன்று ஜில்லிட்டதில் ஆரம்பித்த மூச்சிறைப்பு அவரை விடவில்லை. காலனியில் மற்றவர்கள், சங்கத்துச் செயலாளர் சரியென்றால் எங்களுக்கும் சரி என்றார்கள். அப்படிச் சொன்னால் விஷயம் முடிந்தது என்பது அவர்களுக்குத் தெரியும்.

அவள் போனாள். எபநேசர் கேட்டுக்கு உள்ளே நின்று செம்பருத்திக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். கேட்டைத் திறக்கவில்லை, உள்ளே வா என்றும் சொல்லவில்லை. வடிவு டாக்டர் சொன்னதையெல்லாம் சொன்னாள். அவர் அடுத்த செடிக்குப் போனார்.

“நீ அன்னைக்குச் சொன்னது இன்னும் எங்காதுக்குள்ளேயே கெடக்கும்மா” என்றார்.

“கெடக்கத்தான் செய்யும் சார். நாஞ் சொன்னது அப்படி. சொல்லி முடிக்கும்போதே எனக்குத் தெரிஞ்சிட்டு, ஆனா வாய்க்குள்ள திரும்ப எடுத்துப் போடவா முடியும்.”

“மன்னிப்புக் கேக்க வந்தியா?”

“கேக்கேன். நீங்க குடுத்தாலும் குடுக்காட்டியும் தண்ணிக்கு வாங்க. அவுகளுக்குக் காலு இழுத்துக்கிட்டுப் போவுது.”

எபநேசர் வாளியைக் கீழே வைத்தார். “நீங்க ரெண்டு பேரும் நடுவுல நிக்கும்போது நான் ஏறிட்டேன்னா என்ன செய்வ?”

“அதத்தான் சார் நானும் நெனச்சிக்கிட்டே வந்தேன்.”

“நெனச்சும் வந்திருக்கியே.”

“வேற யாரு இருக்கா.”

அவர் வருகிறேன் என்று சொல்லவில்லை. புதன்கிழமை மத்தியானம் எனக்கு ஒன்றும் வேலையில்லை என்று மட்டும் செம்பருத்தியிடம் சொன்னார்.

புதன்கிழமை மத்தியானம் கடம்பாநல்லூரில் பலருக்கும் வேலையில்லாமல் போயிருந்தது. கரையைச் சுற்றி மூன்று தெருவும் நின்றது, தெருவாரியாகவே நின்றது. இன்று காலனி பேட்ச், லாரிப்பேட்டையை விட முடியாது என்று இசக்கியப்பன் விதியை முழுவதும் சொன்னார். சொல்லி முடித்ததும் கடமை தீர்ந்தவராக மோட்டார் அறைக்குள் போனார். எபநேசர் முழங்கால் வரையிலான காற்சட்டையோடு, தேகத்தில் காற்றுப் பட்டு நாளாகிவிட்ட மனிதரின் கூச்சத்தோடு, கெட்டித் தண்ணீர்மேல் நடந்துபோய்க் கம்பியருகில் நின்றார். எதிர்ப் படியோரம் வடிவு நாற்காலியை நிறுத்தி, நயினாரைத் தாங்கி உட்காரவைத்து, அவருடைய வலது காலைக் கையால் தூக்கித் தண்ணீர்மேல் வைத்தாள்.

நயினாரின் கட்டைவிரல் பட்டது. எபநேசர் மறைந்தார். அவர் மறுபடி கம்பியைப் பிடித்துக்கொண்டு, மூக்கில் தண்ணீர் ஏறி, கண்ணாடியைத் தேடி வெளிவந்தபோது, லாரிப்பேட்டைப் பக்கம் ஒரு சிரிப்பு கிளம்பிப் பாதியிலேயே நின்றது, ஏனென்றால் அதற்குள் வடிவும் நயினாரும் இறங்கியிருந்தார்கள்.

நயினார் முதல் அடி வைக்க வெகுநேரம் ஆயிற்று. கால் தண்ணீரை மறந்திருந்தது. வடிவு அவர் கையைத் தோளில் போட்டுக்கொண்டு, பழைய பழக்கத்தில் வா வா என்று காலிடமே பேசினாள். முழங்கால் கொஞ்சம் அவிழ்ந்தது, இன்னும் கொஞ்சம் அவிழ்ந்தது, அடி முன்னால் வந்தது. அடுத்த அடி. குளத்தின் நடுவுக்கு அவர்கள் வந்தபோது வடிவு நிமிர்ந்து பார்த்தாள்.

எபநேசர் ஏணியில் இருந்தார். ஒரு கால் இரண்டாம் படியில், மறு கால் மட்டும் கணுக்கால்வரை தண்ணீரில். லாரிப்பேட்டையில் சிலர் ஓடிவரத் தயாரானார்கள், ஓடிவந்து என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்கள்.

“ஏம்மா வடிவு,” என்றார் எபநேசர், கோபமில்லாத குரலில், கணக்குப் பார்க்கிற குரலில். “இப்ப நான் இந்தக் கால எடுத்தா உன்னால என்ன செய்ய முடியும்?”

“ஒண்ணும் முடியாது சார்.”

“அப்புறம் எந்தத் தைரியத்துல எறங்குன?”

“நீங்களுந்தான எறங்குனிய. எறங்குன எடத்துலயே படி இருந்துச்சு, நாங்க ஒடனே ஏறியிருந்தோம்னா ஒங்க கதி என்ன? நீச்சலுங்கூட ஒங்களுக்கு வராது.”

எபநேசர் இதை யோசித்தார். பாங்கியில் இருந்த காலத்தில் எத்தனையோ ஜாமீன்களைப் பார்த்தவர். நிலத்தை வைத்து, நகையை வைத்து, மாமனாரை வைத்து. ஆனால் இரு தரப்பும் முழு ஆளையே வைத்து, ஒரே அளவில், ஒரே நேரத்தில் கொடுத்த ஜாமீனை அவர் பார்த்ததில்லை. அதற்கு எதிராகச் சொல்ல அவருக்கு நியாயம் எதுவும் கிடைக்கவில்லை. தவிர, ஒரு வருஷமாக அவரிடம் யாரும் இப்படி எதையும் நம்பி ஒப்படைத்ததும் இல்லை.

படியிலிருந்த காலைக் கீழே இறக்கினார். தண்ணீர் அவர் மார்புவரை வந்தது.

“குனிஞ்சு நடக்காதியும் வே நயினார்” என்றார். “முதுகு நிமிரட்டும்.”

நயினார் வாய் கோணிச் சிரித்தார். முதுகை நிமிர்த்தினார். சுவர்வரை போனார்; திரும்பினார்.

அப்புறம் நடந்ததை வரிசைப்படி சொல்ல முடியாது, ஏனென்றால் யார் முதலில் குதித்தது என்பதில் மூன்று தெருவுக்கும் இன்றுவரை கருத்து வேறுபாடு இருக்கிறது. மாரிச்செல்வம் என்று லாரிப்பேட்டை சொல்லும். அவன் குதித்த நேரத்தில் ஏற்கெனவே தண்ணீர் தெறித்துக்கொண்டிருந்தது என்று ரயில்வே கேட் தெரு சொல்லும். கோடை முழுவதும் குளம் குளமாக இருந்தது. இப்போது அங்கே பேட்ச் கிடையாது. மாறாக, போகிறவர்கள் வழியில் வேறு தெருக் கதவைத் தட்டி, நீச்சலுக்கு வாறியளா என்று கேட்டுக் கூட்டிக்கொண்டு போகிறார்கள். பெண் பார்க்கப் போகிறவர்கள்கூட, எங்கள் பையன் கூப்பிட்டால் வேறு தெருவில் மூன்று வீட்டுக்காரர்கள் வருவார்கள் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வதாகக் கேள்வி. வத்தலின் தரம் விழுந்துவிட்டது. அது ஒன்றுதான் நஷ்டம்.

சாயங்காலம் குளம் மூடும் நேரத்தில் ஒரு முறை உண்டு. எல்லோரும் ஏறிய பிறகு கடைசியாக இருவர் மிஞ்சுவார்கள். இருவரும் ஒரே தெருவாக இருக்கக் கூடாது. ஒருவர் இந்த ஏணியில், ஒருவர் அந்த ஏணியில். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, ஒரே நேரத்தில் பாதத்தை எடுக்க வேண்டும். யார் முந்தினாலும் மற்றவர் மாட்டிக்கொள்வார். இளவட்டங்கள் இதை ஒரு விளையாட்டாகவே செய்து, சொடுக்குப் போடுகிற நேரத்தில் வெளியே வந்துவிடுவார்கள். ஆனால் பெரும்பாலான நாட்களில் கடைசி இருவர் எபநேசரும் நயினாரும்தான், ஏனென்றால் நயினாருக்கு ஏணி ஏறுவது நடப்பதைவிடப் பெரிய காரியம், அவசரமாக வீட்டுக்குப் போக வேண்டியவர்களை அவர் காக்க வைப்பதில்லை. வடிவு மேலே நின்று துண்டோடு கை நீட்டியிருப்பாள். நயினார் இடது காலை வைப்பார், மூச்சு வாங்குவார், வலது காலுக்காகக் காத்திருப்பார். அது மனம் வந்து வரும்வரை எதிர் ஏணியில் எபநேசரும் தமது இரண்டு நல்ல கால்களோடு அதே படியில் நிற்பார், நயினார் ஏறினால் ஏறுவார், நின்றால் நிற்பார்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு சாயங்காலம், இசக்கியப்பன் குடையோடு வந்து விளக்கை அணைக்க நின்றுகொண்டிருக்க, நயினாரின் கால் கடைசிப் படிக்கு வர மறுத்தது. எபநேசர் நனைந்து நடுங்கிக்கொண்டிருந்தார்.

“சீக்கிரம் வாரும் வே” என்றார். “எனக்குக் குளிருது.”

“ஏறும்,” என்றார் நயினார், வார்த்தையைத் தேடித் தேடி எடுத்து. “நீரு… போம். நான்… நிக்கேன்.”

“பெரிய தியாகி” என்றார் எபநேசர், காலைத் தண்ணீரிலிருந்து எடுக்காமல்.